அக்கா மகனின் மூன்றாவது கியர்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி முடித்துப் பேப்பரை விரித்த நேரம், பிரான்சிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். எனக்குக் காலை எட்டரை என்றால் அவனுக்கு விடியற்காலை ஐந்து. அந்த நேரத்தில் போன் வந்தால் நம் வயதில் முதலில் நெஞ்சுதான் அடித்துக்கொள்ளும்.

"மாமா, பயப்படாதீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒரு யோசனை கேக்கணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் அப்பா சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு அக்கா இங்கே முத்தியால்பேட்டை வீட்டுக்கே வந்துவிட்டாள். பையன் பாரீஸ் புறநகரில் இருக்கிறான். பையன் என்று சொல்கிறேனே தவிர, 47 வயது. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், கார். நாலு வருஷம் காசு சேர்த்து, பழைய ஹோண்டா எஸ்2000 ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையை மடித்துவிடலாம், ஆறு கியர், கையால்தான் போட வேண்டும். 1999-ல் வந்து 2009-ல் நின்றுபோன வண்டி. இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 240 குதிரைச் சக்தி. நிமிஷத்துக்கு 9000 சுற்று வரை ஓடும். என் பழைய ஸ்கூட்டரில் பாதி சுற்று வந்தாலே ஹெட்லைட் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும்.

நடந்தது இதுதான். மன்யி-கூர் என்று நெவேர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பந்தயத் தளம். 1991 முதல் 2008 வரை பிரெஞ்சு கிராண்ட் ப்ரி அங்கேதான் நடந்தது. பந்தயம் இல்லாத நாட்களில் பணம் கட்டினால் நம் சொந்தக் காரையே அங்கே ஓட்டலாம். அந்தத் தளத்தின் வளைவுகளுக்கு மற்ற ஊர்த் தளங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்: எஸ்தோரில், அடிலெய்டு, நூர்பர்க்ரிங், இமோலா. கடைசித் திருப்பத்துக்குப் பெயர் 'லிசே'. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. லிசேயில் திருப்பம் என்றால் எங்களுக்கெல்லாம் பிரின்சிபால் அறைக்குப் போகும் தாழ்வாரம்தான்.

எஸ்தோரில் என்பது வலப்பக்கம் நீளமாகப் போகும் வளைவு. அதை விட்டு வெளியே வந்தால் நீண்ட நேர்ப்பாதை. அங்கே மூன்றாவது கியரில் 8500 சுற்றில் வந்தவன் நான்காவதுக்கு இழுத்தான். விழுந்தது இரண்டாவதில்.

அவ்வளவுதான். அரை வினாடி. எஞ்சின் ஒரு தடவை வீறிட்டது, பின்சக்கரம் இழுபட்டு வண்டி ஆடியது, இவன் சட்டென்று கிளட்சை மிதித்துவிட்டான். ஓரம் கட்டினான். புகை இல்லை, எண்ணெய் கசியவில்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஓடுகிறது. வீடு வரை ஓட்டியே வந்துவிட்டான்.

"இப்ப நல்லாத்தான் ஓடுது மாமா. வித்துடலாம்னு பாக்கறேன். கேக்கறவங்களும் இருக்காங்க. என்ன சொல்றீங்க?"

முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். கேட்கும் கேள்வி எது, கேட்காமல் கேட்கும் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். யோசனைக்காக அவன் கூப்பிடவில்லை. சம்மதத்துக்காகக் கூப்பிட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

முதலில் இந்த விபத்து என்ன என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அம்பாசடரில் கை கியர் ஓட்டிப் பழகிய நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்தே இருக்கும்.

பிரெஞ்சில் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு 'ரெஜீம்' என்று பெயர். ஆட்சிக்கும் அதே சொல்தான். டாக்டர் சொல்லும் பத்தியச் சாப்பாட்டுக்கும் அதே சொல். அளவுக்கு மீறிச் சுற்றினால் 'சுர்-ரெஜீம்'. ரெஜீம் மாறும்போது என்னவெல்லாம் ஆகும் என்பதை 1954-ஐயும் 1962-ஐயும் பார்த்த புதுச்சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை விடுங்கள். இந்த மாதிரி கியர் மாறி விழுவதை இங்கிலீஷ்காரர்கள் 'மணி ஷிப்ட்' என்கிறார்களாம். பணத்தைத் தின்றுவிடுமே, அதனால்.

என் தொழில் கணக்கு, அதனால் கணக்காகவே சொல்கிறேன். அந்த வண்டியில் இரண்டாவது கியரின் விகிதம் 2.045. மூன்றாவது 1.481. நான்காவது 1.161. மூன்றில் 8500 சுற்றில் போகும்போது நான்கு சரியாக விழுந்தால் எஞ்சின் சுமார் 6660-க்கு இறங்கும். அதே வேகத்தில் இரண்டு விழுந்தால் 11,700-க்கு ஏறும். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 9000.

இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். "கம்ப்யூட்டர் இருக்கே, 9000-க்கு மேலே விடாதே" என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் செய்வது பெட்ரோலை நிறுத்துவது மட்டும்தான். கால் ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சின் தானாக எகிறினால் அது தடுக்கும். ஆனால் இரண்டாவது கியர் விழுந்து கிளட்ச் மேலே வந்துவிட்டால் எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு டன்னுக்கும் அதிகமான வண்டி, பின்சக்கரம் வழியாக எஞ்சினைக் கழுத்தைப் பிடித்துச் சுழற்றுகிறது. பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? மாடு மிரண்டு ஓடும்போது புல்லுக்கட்டை எடுத்து ஒளித்துவைத்த கதைதான். விற்கிறவர்கள் இந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த ஓட்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே என்ன ஆகிறது? 9000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடியில் 150 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. 11,700-ல் 195 தடவை. பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் கூடும். அதாவது சுற்று முப்பது சதவீதம் கூடினால் விசை கிட்டத்தட்ட எழுபது சதவீதம் கூடும். கனெக்டிங் ராடின் போல்ட் அந்த இழுப்பில் நீளும். வால்வைத் திரும்ப இழுத்து மூடும் ஸ்பிரிங் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டும். வால்வு வளையும். ஸ்பிரிங்கின் தலையில் குட்டித் தொப்பி மாதிரி ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும், ரிடெய்னர் என்பார்கள், அது கீறல் விடும். கொடுமை என்னவென்றால், கீறல் விட்டதும் உடைந்துவிடாது. வண்டி ஓடும். ஒரு வாரம் ஓடலாம், ஒரு வருஷமும் ஓடலாம். பிறகு ஒருநாள் வால்வு சிலிண்டருக்குள் விழும்.

"நல்லாத்தான் ஓடுது மாமா" என்று அவன் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது இதனால்தான்.

கை எப்படித் தவறியது என்பதையும் பிறகு அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார்; கியரை வலக்கையால் போடுகிறார். கியர் லீவரை இறுகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் அது நேராகப் பின்னால் வராது, இடப்பக்கம் சாய்ந்து வரும். மூன்றுக்கு நேர் பின்னால் நான்கு. அதற்கு இடப்பக்கம் இரண்டு. போதாததற்கு அது வலப்பக்க வளைவு, உடம்பும் கையும் இடப்பக்கம் தள்ளப்படுகின்றன. எல்லாம் சேர்ந்து இரண்டாவதில் கொண்டுபோய் விட்டது. நம் ஊரில் நாம் வலப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால் போடுகிறோம். நம் பக்கம் சாய்த்து இழுத்தால் ஆறாவதுதான் விழும், எஞ்சின் முனகும், கேடு இல்லை. நமக்கு ஆபத்து வேறு இடத்தில்: ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது லீவரை இடப்பக்கம் ஓங்கித் தள்ளினால் இரண்டில் போய் விழும்.

இதற்கு மருந்து பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் லீவரை நியூட்ரலில் விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தானாக மூன்று-நான்கு வரிசைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக லீவரைப் பிடிக்கவே வேண்டாம். இரண்டு விரலால் நேரே பின்னால் இழுத்தால் போதும். பக்கவாட்டில் வழிகாட்டுவது ஸ்பிரிங்கின் வேலை, நம் வேலை இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படித்தான்: முன்னே தள்ளி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி முன்னே. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு வாள் உருவுகிற மாதிரி இழுப்பதெல்லாம் சினிமாவில் பார்த்துக் கற்றுக்கொண்டது. வளைவில் உடம்பு ஒரு பக்கம் தள்ளப்படும்போது கியரே மாற்றாமல், வண்டி நேராகும் வரை பொறுப்பது அதைவிட நல்லது. இன்னொன்று, தவறான கியரில் விழப்போகும்போது லீவர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்ளே சிங்க்ரோ வளையம் இரண்டு வேகத்தையும் ஒன்றாக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். அந்த முரண்டு கைக்குத் தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கிளட்ச் மேலே வராத வரை எஞ்சின் தப்பித்தது. பலம் போட்டு உள்ளே தள்ளினால் வளையமும் போச்சு, எஞ்சினும் போச்சு.

பழைய வண்டியில் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் கட்டைகளைப் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ரப்பர் நைந்துபோனால் வேகம் பிடிக்கும்போது எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்து ஒரு பக்கம் புரளும். நேற்று நான்கு இருந்த இடம் இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும்.

இதெல்லாம் பெரிய பந்தயக்காரர்களையும் படுத்திய விஷயம்தான். அந்தக் காலப் பந்தயக் கார்களில் சுற்று காட்டும் கடிகாரத்தில் இரண்டாவதாக ஒரு முள் இருக்கும். எஞ்சின் எட்டிய உச்சத்தில் அது அப்படியே நின்றுவிடும். ஓட்டியவன் இறங்கி வந்து "எல்லாம் சரியாத்தான் ஓட்டினேன்" என்று சொல்வதற்கு முன்னால் மேனேஜர் அந்த முள்ளைப் பார்த்துவிடுவார். 1989-ல் ஃபெராரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்து, விரலால் தட்டினால் கியர் மாறும்படி செய்தது. அந்த வண்டி தன் முதல் பந்தயத்தையே, பிரேசிலில், மான்செல் கையில் வென்றது. இரண்டு வருஷம் கழித்து அதே பிரேசிலில் அயர்டன் சென்னா, கையால் கியர் போடும் வண்டியில், மற்ற கியர்கள் கைவிட்டு ஆறாவதில் மாட்டிக்கொண்ட நிலையில் கடைசிச் சுற்றுகளை ஓட்டி வென்று, வண்டியிலிருந்து இறங்கக்கூட முடியாமல் துவண்டு போனார். அதற்குப் பிறகு பந்தயத்தில் கை கியரின் காலம் முடிந்தது.

"அப்படியானால் துடுப்பு கியர் வண்டியையே வாங்கிவிட வேண்டியதுதானே?" என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் வேகத்தைப் பார்த்து, கூடாத கியரைக் கேட்டால் மறுத்துவிடும். ஆனால் போர்ஷே கம்பெனி 2013-ல் தன் ஜிடி3 காரைத் துடுப்பு கியரோடு மட்டும் கொண்டுவந்தபோது, வாங்குகிறவர்கள் விடாமல் முணுமுணுத்து, 2017-ல் கையால் போடும் கியரைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். தன் கையால் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. மிக்சியில் அரைத்த சட்னியும் சட்னிதான், ஆனாலும் அம்மிக்கு ஆள் இருக்கிறார்கள். அந்தச் சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தவறினால் விரல் நசுங்கும் என்று தெரிந்துதான் அம்மியில் உட்கார வேண்டும்.

இனி, அன்று இரவு நான் தூங்காமல் கிடந்த காரணம்.

1983. நான் அப்போது லோயர் டிவிஷன் கிளார்க். எங்கள் இலாகா வண்டிகளின் லாக் புக், டீசல் கணக்கு, ரிப்பேர் பில் எல்லாம் என் மேஜையில். ஒரு டீசல் ஜீப். அதிகாரி ஏற்காட்டில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது, நிரந்தர டிரைவர் லீவில் இருந்ததால் மாற்று டிரைவர் ஓட்டினார். இறக்கத்தில் டாப் கியரில் விட்டுவிட்டு, வேகம் கூடிப் பிரேக்கும் சூடேறியதும் பயந்து, இரண்டாவதில் தள்ளிக் கிளட்சை விட்டுவிட்டார். எஞ்சின் கத்தியதாம். அந்த வண்டியிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உண்டு. அதுவும் டீசலைத்தான் குறைக்கும், சக்கரத்தைப் பிடிக்காது.

வண்டி ஊர் வந்து சேர்ந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரைவர் டீக்கடையில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். லாக் புக்கில் எழுதலாமா என்று சூப்பரிண்டெண்டிடம் கேட்டேன். "ஓடற வண்டிக்கு எதுக்குய்யா எழுதறே? எழுதினா மெமோ, விளக்கம், இன்ஸ்பெக்ஷன்னு உனக்குத்தான் வேலை" என்றார். நான் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த ஜீப்பை வேறொரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஒப்படைப்புப் பட்டியல் தயாரித்தவன் நான். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, தார்ப்பாய் ஒன்று. எஞ்சின் நிலை என்று ஒரு கட்டம். அதில் என் கையெழுத்தில் 'நன்று' என்று எழுதினேன். எனக்கு அப்போது கையெழுத்து அழகாக இருக்கும்.

மூன்று வாரத்தில், விழுப்புரம் போகும் வழியில் கனெக்டிங் ராடு ஒடிந்து எஞ்சினின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அந்த அலுவலக டிரைவர் எண்ணெய் பார்க்காமல் ஓட்டிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். நம் காகிதத்தில்தான் 'நன்று' என்று இருக்கிறதே. அவர் சம்பளத்தில் மாதம் 40 ரூபாய் பிடித்தம். எத்தனை மாதம் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற பயம். அவரை ஒருமுறை கருவூலத்து வரிசையில் பார்த்தேன். என்னை அவருக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்றிருந்தார். சட்டையின் பின்கழுத்து கிழிந்து தைத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். பழைய போர்ஷே 911 விற்றால் வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சீட்டு எடுத்துத் தரச் சொல்கிறார்கள். எஞ்சின் எத்தனை தடவை எல்லை மீறிச் சுற்றியது என்று அதில் பதிவாகியிருக்கும். இதை அவன்தான் எனக்கு முன்பு ஒருமுறை சொன்னான். "உன் வண்டியில அப்படி எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இதுல யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே மாப்ளே" என்றேன். பிறகு ஜீப் கதையைச் சொன்னேன். முழுதாக. அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரமே வண்டியை, ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். சிலிண்டர்களில் காற்று ஏற்றிக் கசிவு பார்த்தார்கள், சரியாக இருந்தது. எண்ணெயை வடித்துப் பார்த்தார்கள், இரும்புத் தூள் இல்லை. கடைசியாக வால்வு மூடியைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்ததில், இரண்டு ரிடெய்னரில் மயிரிழை மாதிரி கீறல். படம் எடுத்து அனுப்பினான். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேரன் பெரிதாக்கிக் காட்டிய பிறகு தெரிந்தது.

வாங்குவதாக இருந்தவன் இருபத்து மூன்று வயதுப் பையனாம். கல்யாணம் ஆகவில்லை, ஆட்டோரூட்டில் தினம் வேலைக்குப் போய்வர வாங்குவதாக இருந்திருக்கிறான்.

பதினாறு வால்வுக்கும் ரிடெய்னர், ஸ்பிரிங் எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டான். விற்கும் எண்ணத்தையும் இப்போதைக்கு விட்டுவிட்டான். செலவு, பொங்கலுக்குக் குடும்பத்தோடு வர எடுத்து வைத்திருந்த டிக்கெட் காசு. அதை அவனே அக்காவிடம் போனில் சொல்லி, "மாமா சொன்னாருன்னுதான்" என்றும் சேர்த்துவிட்டான். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று வாழைப்பூ வடை செய்து பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாளாம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை.